நீர்ச்சில்லு, நீராவி, மின்சாரம்: சக்தி மூலங்களின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

கைத்தொழிற் புரட்சி பற்றி எமது பாடநூல்கள் கூறும் வரலாறு பெரும்பாலும் தனிமனிதரின் வரலாறாகவே அமைந்துவிடுகின்றது. கேத்திலின் மூடி அசைவதை ஜேம்ஸ் வாட் கண்டார். நீராவி எஞ்சின் பிறந்தது. இடியும் மின்னலும் நிறைந்த வானில் பெஞ்சமின் பிராங்ளின் பட்டம் விட்டார், மின்சாரம் வசமாயிற்று. எடிசன் இரவு பகலாக உழைத்தார்; உலகு ஒளி பெற்றது. இவ்வாறு கோக்கப்படும் மாலையிலே ஒவ்வொரு மலரும் தன்னளவில் அழகானதே. ஆயினும் வரலாற்று மாணவன் எழுப்பவேண்டிய வினாக்கள் எவற்றுக்கும் அம்மாலை விடை தருவதில்லை. பரடே 1831இல் கண்டறிந்த உண்மை பெருங்கைத்தொழிலாக உருப்பெற ஏன் அரை நூற்றாண்டு சென்றது? செலவு குறைந்த ஆற்றுநீர் ஓடிக்கொண்டிருந்தபோதே இங்கிலாந்தின் ஆலை முதலாளிகள் ஏன் நிலக்கரிக்கு மாறினர்? சக்தி மூலங்களின் மாற்றத்தை நிர்ணயிப்பது கண்டுபிடிப்பாளனின் மூளையா, பொருளின் விலையா, அன்றி உற்பத்தி உறவுகளா? இவ்வினாவை மனங்கொண்டு சில வரலாற்று நிகழ்ச்சிகளை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்கு ஒரு கவிதையைத் தொடக்கமாகக் கொள்ளலாம். கிரேக்கப் புலவனாகிய தெசலோனிக்கா நகரத்து அந்திப்பாற்றர், கி.மு. முதலாம் நூற்றாண்டின் இறுதியை அண்டி, நீரால் இயங்கும் அரவைச் சில்லினைப் போற்றிச் சிறு பாடலொன்று பாடினான். திரிகைக்கல் சுற்றும் அடிமைப் பெண்களை இனி விடியும்வரை உறங்குமாறு கூறும் அப்பாடலில், அவர்களது கைகள் செய்த வேலையை நீரரமகளிர் ஏற்றுக்கொள்கின்றனர். ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் இயந்திரம் பற்றிய அத்தியாயத்திலே மார்க்ஸ் இப்பாடலை எடுத்தாண்டுள்ளார். இயந்திரம் உழைப்போனுக்கு ஓய்வு தரும் என்று அப்பண்டைய புலவன் எளிமையாக நம்பினான். வேலைநாளை நீட்டுவதற்கு அதனைவிடச் சிறந்த கருவி இல்லை என்பதை அறிந்துகொள்ள நவீன முதலாளித்துவ ஞானம் வேண்டியிருந்தது என மார்க்ஸ் அங்கே எள்ளல் தொனிக்க எழுதுகின்றார். தமிழிலும் உலக்கை இடிக்கும் பெண்களுக்கு வள்ளைப்பாட்டு உண்டு. சிலப்பதிகாரத்து வாழ்த்துக்காதையிலும் அதற்கு இடமுண்டு. ஆனால் இடிப்பவளை உறங்கச் சொல்லும் வள்ளைப்பாட்டு எதனையும் யான் அறியேன். உழைப்பின் தாளத்திற்கு இசைந்து பாடுவது வேறு, உழைப்பிலிருந்து விடுதலையைக் கனவு காண்பது வேறு.

அந்திப்பாற்றரின் கனவு என்னவாயிற்று? பிரெஞ்சு வரலாற்றறிஞரும், நாற்சிகளுக்கெதிரான தலைமறைவு இயக்கத்தில் ஈடுபட்டு 1944இல் சுட்டுக்கொல்லப்பட்டவருமான மார்க் புளொக், 1935இல் எழுதிய கட்டுரையொன்றில் நீராலையின் வரலாற்றை ஆராய்ந்தார். அடிமைகள் மலிவாகக் கிடைத்த உரோம சமூகத்திலே நீர்ச்சில்லு பரவலாகப் பயன்பட வேண்டிய தேவை எழவில்லை என்பது அவர் கண்ட முடிபு. பிற்காலத் தொல்லியல் ஆய்வுகள் இம்முடிபினை ஓரளவு திருத்தியுள்ளன. தென் பிரான்சில் ஆள் நகருக்கு அண்மையில் பார்பெகால் என்னுமிடத்திலே, மலைச்சரிவில் 16 சில்லுகளை அடுக்கி உரோமர் இயக்கிய பேராலையின் எச்சங்கள் இன்றும் உள்ளன. எனவே, அடிமை முறை நீர்ச்சில்லினை முற்றாகத் தடுத்துவிட்டது எனல் இன்று பொருந்தாது. ஆனால் புளொக்கின் கட்டுரையின் மற்றொரு பகுதி அசைவின்றி நிற்கின்றது. ஐரோப்பிய நிலமானிய அமைப்பில் ஆறு பிரபுவுக்குரியது. ஆதலின் ஆலையும் அவனுக்குரியது. குடியானவன் தன் தானியத்தை அவ்வாலையிலேயே அரைத்து, அரைகூலியாக அதிலொரு பங்கைக் கொடுத்தல் வேண்டும். வீட்டிலே கைத்திரிகை வைத்திருத்தல் குற்றமாயிற்று.

இங்கிலாந்தின் சென்ற் ஓல்பன்ஸ் மடாலயத்து வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1331 அளவில் அம்மடத்தின் தலைவரான வோலிங்போட் ரிச்சட், நகரத்தாரின் திரிகைக்கற்களைப் பறிமுதல் செய்து, அவற்றையே தமது மடத்தின் கூடமொன்றிற் பதித்துத் தளமிட்டார். (இவர் தம் காலத்துச் சிறந்த கணித அறிஞர், வியத்தகு வானியற் கடிகாரம் ஒன்றினை அமைத்தவர். அறிவியல் மேதைமையும் வர்க்க நலனும் ஒரே அங்கியினுள் அமைதியாக வாழக்கூடியவை என்பதற்கு அவர் நல்ல எடுத்துக்காட்டு.) அரை நூற்றாண்டு கழித்து, 1381ஆம் ஆண்டின் மாபெரும் விவசாயக் கிளர்ச்சியின்போது நகரத்து மக்கள் மடத்தினுட் புகுந்து அத்தளத்தைப் பெயர்த்தனர், கற்களை உடைத்து, திருப்பலியில் அப்பம் பகிர்வது போலத் துண்டு துண்டாகத் தம்முள் பகிர்ந்துகொண்டனர். நீர்ச்சில்லு கைத்திரிகையைவிட மேம்பட்ட தொழில்நுட்பமே. அக்கற்களை உடைத்துப் பகிர்ந்தோர் தொழில்நுட்பத்தின் எதிரிகளல்லர்; தம் வீட்டின் சக்தி மூலம் எவர் கையில் இருத்தல் வேண்டும் என்பதே அவர்கள் வினா.

இனி நீராவிக்கு வருவோம். சுரங்கங்களில் ஊறும் நீரை இறைப்பதற்கு நியூகொமனின் எஞ்சின் 1712இலேயே நிறுவப்பட்டுவிட்டது. அது நிலக்கரியை அளவின்றி விழுங்கியது; சுரங்க வாயிலில் கரி மலிந்திருந்தமையால் அது ஒரு பொருட்டாகவில்லை. வாட் செய்தது யாது? நீராவி குளிர்ந்து ஒடுங்கும் வேலையை உருளையிலிருந்து பிரித்து, வேறோர் ஒடுக்கிக்கு மாற்றினார். உருளையை ஒவ்வோர் அடிக்கும் சூடாக்கிக் குளிர்விக்க வேண்டிய வீண்விரயம் ஒழிந்தது. 1769இல் பெற்ற காப்புரிமை பாராளுமன்றச் சட்டத்தால் 1800 வரை நீடிக்கப்பட்டது. கோண்வோல் செப்புச் சுரங்கங்கள் பழைய எஞ்சினோடு ஒப்பிடுகையில் மிச்சப்படுத்திய கரியின் பெறுமதியில் மூன்றிலொன்றை வாட்டும் அவரது பங்காளி போல்ற்றனும் உரிமைக் கட்டணமாக அறவிட்டனர். ஆயினும் பருத்தி ஆலைகளின் புரட்சியைத் தொடக்கிவைத்தது நீராவியன்று. 1771இல் குரொம்போட்டில் ஆக்ரைட் நிறுவிய நூற்பாலை ஆற்றுநீரால் இயங்கியது. நீராவி எஞ்சின் கைத்தொழிற் புரட்சியைத் தோற்றுவிக்கவில்லை, கருவிப் பொறிகளின் தோற்றமே நீராவி எஞ்சினின் மாற்றத்தை வேண்டி நின்றது என்ற மார்க்சின் கருத்து ஈண்டு நினைவுகூரத்தக்கது.

ஈண்டுத்தான் வியப்பான நிலைமை ஒன்று எதிர்ப்படுகின்றது. வாட்டின் எஞ்சின் சில்லினைச் சுழற்றும் ஆற்றல் பெற்று நாற்பதாண்டுகள் சென்ற பின்னரும், 1830 அளவில் பிரித்தானியக் கைத்தொழில்களில் நீர்வலுவும் நீராவி வலுவும் ஏறத்தாழச் சமநிலையிலேயே இருந்தன என்பது பொருளியல் வரலாற்றாசிரியர் மதிப்பீடு. நீர் தட்டுப்படவில்லை, பயன்படுத்தப்படாத நீர்வீழ்ச்சிகள் ஏராளம் இருந்தன. நீர்வலுவின் செலவும் பொதுவாகக் குறைவே. அவ்வாறாயின் 1825க்கும் 1850க்கும் இடையில் பருத்தித் தொழில் நீராவியின் பக்கம் சாய்ந்தமைக்குக் காரணம் யாது? அன்றியாஸ் மல்ம் 2016இல் வெளியிட்ட ஆய்வு நூல் இவ்வினாவை விரிவாக எடுத்துக்கொண்டு, விடையினை எரிபொருளின் விலையிலன்றி உழைப்பின் மீதான ஆதிக்கத்தில் தேடுகின்றது. அவரது வாதத்தின் எல்லா அம்சங்களையும் பொருளியல் வரலாற்றாசிரியர் அனைவரும் ஏற்றனர் எனக் கூறவியலாது. ஆனால் அதன் மையக் கருத்து வலிமையானது என்பதே எம் துணிபு.

ஆறு, ஓடும் இடத்திலேயே ஓடும். நீராலை வேண்டுவோன் பள்ளத்தாக்கைத் தேடிச் செல்லல் வேண்டும். ஆங்கே தொழிலாளர் இல்லை. வீடு, கடை, தேவாலயம் அனைத்தையும் முதலாளியே கட்டிக் குடியிருப்பு அமைத்தல் வேண்டும். 1784இல் மன்செஸ்ரருக்குத் தெற்கே ஸ்ரையல் என்னும் கிராமத்தில் சாமுவேல் கிறெக் தொடங்கிய ஆலை, ஆதரவற்றோர் இல்லங்களிலிருந்து சிறுவர் சிறுமியரைத் தருவித்தது. அவர்கட்கென 1790இல் கட்டப்பட்ட விடுதியில் ஏறத்தாழ 90 பிள்ளைகள் தங்கினர். ஒப்பந்தக் காலம் முடியுமட்டும் அவர்கள் ஆலையை விட்டு நீங்கவியலாது. நீராலையின் மலிவான சக்திக்குப் பின்னால் இத்தகைய கட்டுண்ட உழைப்பு நின்றது. அத்தகைய இடத்திலே தேர்ச்சி பெற்ற தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தால் மாற்றாட்களைப் பிடிப்பது அரிது. குடியிருப்பிலே போட்ட முதலும் முடங்கும். நகரமோ வேலையற்றோரால் நிரம்பியிருந்தது. நிலக்கரியை எங்கும் கொண்டுசெல்லலாம். ஆதலின், ஆட்கள் மலிந்த இடத்துக்கே ஆலையைக் கொண்டுசெல்லலாம். நீராவியின் பெருமை அது மலிவானது என்பதன்று, அது இடம்பெயரக்கூடியது என்பதே.

காலமும் இதில் ஒரு கூறாகும். கோடையில் ஆறு வற்றும், மாரியில் பெருகும். வற்றிய நாட்களில் இழந்த மணித்தியாலங்களை நீர் பெருகிய நாட்களில் 14, 15 மணிநேரம் வேலை வாங்கி ஈடுசெய்வது நீராலை முதலாளியின் வழக்கம். தொழிலாளர் போராடிப் பெற்ற 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும், அதன் பின்னர் 1847இன் பத்து மணிநேரச் சட்டமும் இவ்வழியைப் படிப்படியாக அடைத்தன. குறுகிய வேலைநாளுள் கூடுதலான உழைப்பைப் பிழிந்தெடுக்க வேண்டுமாயின், பொறி இடைவிடாது, விரும்பிய வேகத்தில் ஓடுதல் வேண்டும். வேலைநாளைக் குறைத்த வெற்றியே நிலக்கரியின் வெற்றிக்கும் துணைபோனமை வரலாற்றின் முரண்நகையாகும். ஆற்றின் ஏற்றத்தாழ்வைச் சீராக்கப் பொறியியல் வழி இருக்கவே செய்தது. ஸ்கொற்லாந்தின் கிறீனொக்கில் றொபேட் தொம் 1827இல் நீர்த்தேக்கங்களையும் வாய்க்கால்களையும் அமைத்துப் பல ஆலைகளுக்கு ஒழுங்காக நீர் பகிர்ந்தளித்துக் காட்டினார். ஆனால் அத்தகைய ஏற்பாட்டிற்குப் பல முதலாளிகள் ஒன்றுகூடிச் செலவைப் பகிர்ந்து, ஒரு பொதுத் திட்டத்திற்குப் பணிதல் வேண்டும். லங்காஷயரில் இர்வெல் ஆற்றுக்கு வகுக்கப்பட்ட இதேபோன்ற திட்டம் ஆலை உரிமையாளரிடையே இணக்கமின்றிக் கைவிடப்பட்டது. தனியுடைமை கூட்டுத் திட்டத்தை வெறுத்தது. தனியொருவன் வாங்கித் தன் முற்றத்தில் குவிக்கக்கூடிய கரியை விரும்பியது.

நூற்போரின் வேலைநிறுத்தங்களால் அலுத்துப்போன முதலாளிகளின் வேண்டுகோளின் பேரிலேயே றிச்சட் றொபேட்ஸ் தானியங்கு நூற்புப் பொறியை 1825இல் ஆக்கினார் என்பதை, ஆலை முறையின் புகழ்பாடியாகிய அன்று யூர் 1835இல் வெளியிட்ட தமது நூலில் மறைக்காது, பெருமிதத்தோடு பதிவுசெய்துள்ளார். சில வேளைகளில் எதிர்த்தரப்பின் பாணரே எமக்கு நல்ல சாட்சிகளாக வாய்க்கின்றனர். ஆனால் நகரத்திலே திரட்டப்பட்ட தொழிலாளரும் பாடம் கற்றனர். 1842 ஆகஸ்ட் மாதத்தில் கூலிக்குறைப்பை எதிர்த்தும் சாசன இயக்கத்தின் கோரிக்கைகளை ஆதரித்தும் வட இங்கிலாந்தெங்கும் எழுந்த பொது வேலைநிறுத்தத்தில், தொழிலாளர் ஆலைக்கு ஆலை ஊர்வலமாகச் சென்று கொதிகலன்களின் அடைப்பான்களைப் பிடுங்கினர். நீராவி வெளியேறியது, பொறிகள் நின்றன. ஆற்றை எவரும் அவ்வாறு நிறுத்தியிருக்க முடியாது.

மின்சாரத்தைச் சக்தி மூலம் என வழங்குவது பொதுவழக்கு. கண்டிப்பாகக் கூறின் அது மூலமன்று, ஊர்தி. கரியிலோ நீரிலோ காற்றிலோ உள்ள சக்தியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லும் வடிவமே அது. கொல்லனின் மகனும், புத்தகம் கட்டும் கடையில் தொழில் பயின்றவருமான மைக்கல் பரடே 1831இல் நிறுவிய உண்மை எளியது: கம்பிச் சுருளுக்கருகே காந்தம் அசையுமாயின் சுருளில் மின்னோட்டம் தோன்றும். அசைப்பது நீராயினும் நீராவியாயினும் விளைவு ஒன்றே. அதற்கு முன் வோல்ற்றாவின் 1800ஆம் ஆண்டு மின்கல அடுக்கே மின்னோட்டத்திற்கு வாயிலாக இருந்தது. சல்போட் மதுவடிசாலை உரிமையாளரின் மகனான ஜேம்ஸ் ஜூல், நீராவிக்குப் பதிலாக மின்னோடிகளைப் பயன்படுத்தலாமா எனக் கணக்கிட்டுப் பார்த்து, மின்கலத்தில் கரையும் நாகம் எஞ்சினில் எரியும் கரியைவிடப் பன்மடங்கு செலவு மிக்கது எனக் கண்டார். மின்னோட்டம் கம்பியில் தோற்றுவிக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்திற்கு விகிதசமமானது என்ற அவரது பெயர்பெற்ற விதி, மின்னோட்டம் பற்றிய அவ்வாய்வுகளின் வழியே 1841 அளவில் நிறுவப்பட்டது.

எடிசனின் மின்குமிழ் இவ்விதியின் குழந்தை. அவர் 1879இல் செய்தது வெறுமனே ஒளிரும் இழையொன்றைத் தேடியதன்று. இங்கிலாந்தில் ஜோசப் சுவானும் அதனைச் செய்துகொண்டிருந்தார். எடிசன் முதலில் எடுத்துக்கொண்டது எரிவாயு விளக்கின் விலையை. அதனோடு போட்டியிடும் விலைக்கு ஒளியை விற்பதாயின், தெருவடியிற் புதைக்கும் செப்புக் கம்பி மெல்லியதாக இருத்தல் வேண்டும். மெல்லிய கம்பியில் சக்தி வீணாகாதிருக்க ஓட்டம் குறைதல் வேண்டும். ஓட்டம் குறைந்தும் ஒளி குறையாதிருக்க இழையின் தடை உயர்தல் வேண்டும். ஆக, குமிழினுள் இருந்த மயிரிழையின் பருமனைச் செப்பின் சந்தை விலை நிர்ணயித்தது எனலாம். 1882 செப்ரெம்பர் 4இல் நியூயோர்க்கின் பேர்ள் வீதியில் தொடங்கிய மின்னிலையம் நிலக்கரியால் இயங்கியது. அதன் முதல் வாடிக்கையாளருள் வங்கி முதல்வர் ஜே. பி. மோர்கனின் அலுவலகமும் ஒன்று. பத்தாண்டுகளுள் அம்மோர்கனே நிறுவனங்களை இணைத்து ஜெனரல் இலெக்ற்றிக் என்னும் பேராண்மைக் கும்பனியை உருவாக்கினார். புதிய பெயரில் எடிசனுக்கு இடமிருக்கவில்லை.

அதே 1882இல் ஜேர்மனியின் மியூனிக் கண்காட்சியில் மார்சல் டெப்றே 57 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மீஸ்பாக்கிலிருந்து தந்திக்கம்பி வழியே மின்வலுவைக் கொணர்ந்து, சிறு செயற்கை நீர்வீழ்ச்சியொன்றை ஓடவைத்தார். பெரும்பகுதிச் சக்தி வழியிலேயே வெப்பமாக வீணாயிற்று. ஆயினும் நோயுற்றிருந்த மார்க்ஸ் அவ்வாண்டு நவெம்பரில் இப்பரிசோதனை பற்றி எங்கெல்சிடம் ஆவலோடு வினவினார். மார்க்ஸ் மறைவதற்குச் சில நாட்கள் முன்னதாக, 1883இன் தொடக்கத்தில், எங்கெல்ஸ் பேண்ஸ்ரைனுக்கு எழுதிய கடிதத்தில் இதன் பொருளைத் தெளிவாக உணர்த்தினார்: தொலைதூர நீர்வலுவையும் பயன்படுத்தலாம், கைத்தொழில் இட எல்லைகளிலிருந்து விடுபடும், நகருக்கும் நாட்டுப்புறத்துக்கும் இடையிலான முரண்பாட்டை நீக்குவதற்கு இது வலிமையான நெம்புகோலாகும். நீராவி எஞ்சின் எதனைத் திரட்டியதோ அதனை மின்சாரம் பரவலாக்கும் என அவர் எதிர்பார்த்தார். தொழில்நுட்ப அளவில் அவர் எதிர்பார்ப்பு விரைவிலேயே நிறைவேறியது. 1891இல் லவுபன் நீர்வீழ்ச்சியிலிருந்து 175 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பிராங்போட்டுக்கு மும்முனை ஆடலோட்டம் அனுப்பப்பட்டபோது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சக்தி சேதமின்றிச் சென்றடைந்தது. மின்னழுத்தத்தை உயர்த்தி ஓட்டத்தைக் குறைத்தமையே இதன் இரகசியம்.

சமூக அளவில் நடந்தது வேறு. கம்பி பரவியது, உரிமை குவிந்தது. 1907இல் ஜெனரல் இலெக்ற்றிக்கும் ஜேர்மனியின் ஏஈஜீ நிறுவனமும் உலகச் சந்தையைத் தம்முள் பங்கிட்டுக்கொண்டமையை லெனின் ஏகாதிபத்தியம் பற்றிய நூலில் எடுத்துக்காட்டாகக் கொண்டார். 1920களின் நடுவில் ஜெனீவாவை நிலைக்களனாகக் கொண்டு பீபஸ் என்ற பெயரில் ஒன்றுகூடிய மின்குமிழ் உற்பத்தியாளர், குமிழின் ஆயுளை 1,000 மணித்தியாலத்திற்கு மட்டுப்படுத்தி, அதற்குமேல் எரியும் குமிழ் செய்தோருக்கு அபராதம் விதித்தனர். அறிவியல் பின்னோக்கி நடந்த அரிய நிகழ்ச்சி இது.

1920 டிசெம்பரில் சோவியத் காங்கிரசு ஏற்ற மின்மயத் திட்டம் 30 நிலையங்களையும் 17½ இலட்சம் கிலோவாற் வலுவையும் இலக்காகக் கொண்டது. அவ்வாண்டு லெனினைச் சந்தித்த எச். ஜி. வெல்ஸ் அதனை வெறுங்கனவெனக் கருதினார். காலத்தினூடே பயணம் செய்யும் பொறியைக் கற்பனை செய்தவருக்கு ரசியக் கிராமத்தில் ஒரு விளக்கைக் கற்பனை செய்ய முடியவில்லை! இலக்குகள் 1930களின் தொடக்கத்தில் எட்டப்பட்டன. எனினும் அவ்வரலாற்றின் பிற்பகுதியை மறைத்தல் ஆய்வறமாகாது. வொல்கா நதியின் றைபின்ஸ்க் நீர்த்தேக்கத்தைக் கைதிகளின் உழைப்பு கட்டியது. மொலொகா என்னும் நகரம் நீரில் மூழ்கியது. ஏறத்தாழ 1,30,000 மக்கள் பெயர்க்கப்பட்டனர். அரசுடைமை என்பது உழைப்போரின் ஆட்சிக்கு மாற்றுப்பெயரன்று.

இலங்கையிலும் இவ்வரலாற்றின் கிளையொன்று உண்டு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் படித்த கட்டுரையில் மலையக ஆறுகளின் நீர்வலுவை நாட்டுக்குப் பயன்படுத்தும் திட்டத்தை முன்வைத்தார். குடியேற்ற ஆட்சியில் 1920களில் தொடங்கிய வேலை இடையில் கைவிடப்பட்டது. லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இலேயே. பின்னர் மவுசாக்கலை நீர்த்தேக்கத்திற்காகப் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கடிக்கப்பட்டது. நீர் வற்றும் காலத்தில் அதன் பழைய கோயிலின் எச்சங்கள் இன்றும் வெளித்தெரியும். அந்நிலையங்களிலிருந்து கொழும்புக்குச் செல்லும் உயரழுத்தக் கம்பிகள் தோட்டங்களின் மேலாகவே சென்றன. கீழே லயங்களில் பல பதிற்றாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

2022 மார்ச் இறுதியில் அந்நியச் செலாவணி இன்றி எரிபொருள் வாங்க வழியற்றபோது நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலாயிற்று. தொடர்ந்து அவ்வாண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. முதல் உயர்வில், வீத அடிப்படையில் மிகக் கூடுதலான சுமை மிகக் குறைவாகப் பாவிக்கும் வீடுகளின் மேலேயே விழுந்தது. இன்று சூரியவலு எல்லார்க்கும் பொதுவானது எனப் பேசப்படுகின்றது. கூரையில் சூரியத் தகடு பொருத்தி, மிகுதி மின்னை வலையமைப்புக்கு விற்கும் திட்டம் 2016 முதல் நடைமுறையில் உள்ளது. அதிற் சேர்வதற்குச் சொந்தக் கூரையும் முதலீட்டுக்குப் பணமும் வேண்டும். லயத்து அறையின் கூரை, அதன் கீழ் தலைமுறை தலைமுறையாக வாழ்வோருக்கு உரியதன்று.